டங்க்லியோஸ்டியஸ்: தலை மட்டும் கிடைத்த மீனுக்கு நீளம் பார்ப்பது எப்படி?

கேள்வி: “டங்க்லியோஸ்டியஸ் என்ற கவச மீன் 10 மீட்டர் நீளம், சுறாவையே இரண்டாகக் கடித்துப் போடும், உலகிலேயே வலுவான கடி அதனுடையதுதான் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இப்போது சிலர் அது 3, 4 மீட்டர்தான் என்கிறார்கள். எது உண்மை? அவ்வளவு பெரிய மீன் எப்படித் திடீரென்று பாதியாகச் சுருங்கும்?”

நேரடியான பதில்: 10 மீட்டரை மறந்துவிடலாம். வளர்ந்த மீன் ஒன்று சாதாரணமாக 3.4 மீட்டர் அளவிலும், கிடைத்திருப்பதிலேயே பெரியது 4.1 மீட்டர் அளவிலும் இருந்திருக்கும். இன்று இருக்கும் கணக்குகளில் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுவது இதுதான். கடியைப் பற்றிச் சொல்வதில் பாதி உண்மை, பாதி ஊதிப் பெருக்கியது. சுருங்கியது எப்படி என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த மீனில் நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இருப்பது தலையும் மார்பும் மட்டும். டங்க்லியோஸ்டியஸ் ‘பிளாக்கோடெர்ம்’ என்ற கவச மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்தது. தலையை ஒரு எலும்புக் கவசம் மூடியிருக்கும், அதன் பின்னால் மார்பைச் சுற்றி இன்னொரு கவசம். சில இடங்களில் இந்தத் தட்டுகளின் தடிமன் 5 செ.மீ. வரை வரும். மார்புக் கவசத்தின் இரு பக்கமும் ஒரு குமிழ், அது போய் உட்கார தலைக் கவசத்தில் ஒரு குழி. இந்த மூட்டை வைத்துத்தான் மீன் தலையை மேலே தூக்கியது. மார்புக்குப் பின்னால் எலும்பு கிடையாது. முதுகுத்தண்டு, துடுப்பைத் தாங்கும் பகுதிகள், வால் எல்லாமே குருத்தெலும்பு. அது பெரும்பாலும் கல்லாக மாறாமல் அழுகிப் போய்விட்டது. இந்த மீனை முதலில் தோண்டி எடுத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றுவரை முழு உடலோடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லாந்து களிப்பாறைதான் இந்த மீனுக்குப் பேர்போன இடம். கருப்பாக, ஏடு ஏடாகப் பிரியும் பாறை. ஆக்சிஜன் அதிகம் இல்லாத கடல் அடியில் படிந்த சேறு அது. அதே பாறையில் கிளாடோசெலாக்கி என்ற பழைய சுறா வகையும் கிடைக்கிறது. முழுக்க முழுக்கக் குருத்தெலும்பு மீன் அது. அப்படியிருந்தும் துடுப்பின் வெளிக்கோடு, தசை நார்களின் தடம் வரைக்கும் பதிந்திருக்கிறது. பக்கத்திலேயே வாழ்ந்த டங்க்லியோஸ்டியஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் தட்டுகள் பெரும்பாலும் கழன்று சிதறித்தான் கிடைக்கின்றன.

அப்படியென்றால் புத்தகங்களில் வந்த 6 மீட்டர், 9 மீட்டர், 10 மீட்டர் எல்லாம் எங்கிருந்து வந்தன? பழைய நூல்களில் போய்த் தேடினால் பல இடங்களில் எண் மட்டும் இருக்கும், எப்படிக் கணக்கிட்டோம் என்ற விளக்கம் இருக்காது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் மண்டையோட்டின் முன்னால் நின்று பார்த்தால் இதைக் குற்றம் சொல்லத் தோன்றாது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் பின்னால் ஒரு பேருந்து நீளத்துக்கு உடல் இருந்திருக்கும் என்றுதான் மனம் சொல்லும்.

முறையாகக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. 2017ல் ஸ்பெயினைச் சேர்ந்த உம்பெர்த்தோ ஃபெரோன் குழு, இன்றைய சுறாக்களில் மேல்தாடையின் சுற்றளவுக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்து இந்த மீனுக்குப் பொருத்தியது. ஒரு புதைபடிவத்துக்கு ஏறத்தாழ 7 மீட்டரும், மிகப் பெரியதற்கு 8.8 மீட்டர் அளவும் வந்தது. அதே ஆய்வில் வாலைப் பற்றியும் பேசினார்கள். அதுவரை படங்களில் இந்த மீனுக்கு விலாங்கு போல ஒடுங்கிய ஒரு வாலைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். திறந்த கடலில் வேட்டையாடும் பெரிய மீனுக்கு அது சரிப்படாது, கீழ்மடலும் நன்றாக வளர்ந்த சுறா மாதிரியான வால்துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அந்தப் பகுதி நன்றாகவே நின்றிருக்கிறது. நீளக் கணக்குதான் அடி வாங்கியது.

அடி கொடுத்தவர் ரஸ்ஸல் எங்கல்மன். கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது 2023ல் இதை வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: கவச மீன்களின் வாய் சுறாவின் வாயைப் போன்றதா? உடல் முழுவதும் கிடைத்திருக்கும் சில கவச மீன்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கொக்கோஸ்டியஸ் அதில் பிரபலம், முழ நீளம்கூட இல்லாத சின்ன மீன். இந்த மீன்களில் சுறாச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், அவற்றின் உண்மை நீளத்தைவிட மிகவும் கூடுதலாக விடை வருகிறது. காரணம், உடல் அளவோடு ஒப்பிட்டால் இந்தக் கூட்டத்துக்கே சுறாக்களைவிட வாய் மிகப் பெரியது. விடை தெரிந்த மீனிலேயே தப்பாகிற சூத்திரத்தை விடை தெரியாத மீனுக்கு எப்படி நம்புவது?

அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. கண்குழியின் முன் விளிம்பிலிருந்து செவுள் மூடி முடியும் இடம் வரைக்கும் உள்ள தூரம். மூக்கு நீட்டம் மீனுக்கு மீன் மாறும், ஊசிபோல நீண்டதும் உண்டு, மொட்டையானதும் உண்டு. ஆகவே அதைக் கழித்துவிட்டார். மிச்சம் இருக்கும் பகுதியில்தான் மூளையும் செவுளும் இருக்கின்றன. உடம்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமோ அதற்கேற்றபடிதான் செவுள் இருக்க முடியும் என்பதால், இந்தத் தூரம் உடல் நீளத்தோடு ஓரளவு ஒட்டியே போகிறது. நூற்றுக்கணக்கான இனங்களில் ஆயிரக்கணக்கான மீன்களை வைத்து இதைச் சரிபார்த்தார். முழு உடல் கிடைத்த கவச மீன்களுக்கும் விடை ஒத்துப்போனது. டங்க்லியோஸ்டியஸின் தலையோ நீளத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குக் குட்டை, உயரத்திலும் அகலத்திலும் பெரியது. குட்டைத் தலைக்குக் குட்டை உடல். 3.4 மீட்டர் அப்படித்தான் வந்தது.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். மார்புக் கவசம் கையில் இருப்பதால் உடலின் சுற்றளவு ஓரளவு தெரிந்த விஷயம். அந்தச் சுற்றளவை வைத்துக்கொண்டு நீளத்தை 8, 9 மீட்டருக்கு இழுத்தால் உருவம் விலாங்காகிவிடும், தலை அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறுத்துவிடும். படம் வரைபவர்கள் இதைக் கவனிக்காமல் தலையையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுவார்கள். அப்போது அது புதைபடிவத்தில் இருக்கும் தலையே அல்ல.

சரி, இது முடிந்த முடிவா? வால் வரைக்கும் பதிந்த ஒரு மாதிரி நாளைக்கே கிடைத்தால் அரை மீட்டர் கூடலாம், குறையலாம். மொரோக்கோவில் அமாசிக்திஸ் என்ற சமகாலக் கவச மீன் உடல் வடிவம், வால்துடுப்பு எல்லாவற்றோடும் கிடைத்து 2022ல் விவரிக்கப்பட்டது. அதனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஆனால் 10 மீட்டர் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீளம் குறைந்ததும் பலர் ஏமாந்துபோனார்கள். ஏமாறத் தேவையில்லை என்பது என் கட்சி. புதிய கணக்கில் இந்த மீன் நீளத்தில் குறைந்தாலும் பருமனில் அசாத்தியமானது. 3.4 மீட்டர் மீனுக்கு எடை ஏறக்குறைய 950 முதல் 1,200 கிலோ என்று வருகிறது. அதே நீளமுள்ள இன்றைய வெள்ளைச் சுறா அதில் பாதிகூட இருக்காது. உருவத்தில் சூரை மீனைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடுவில் பருத்து வால் பக்கம் சட்டென்று ஒடுங்கும் உடல். சூரை ஒன்றும் மந்தமான மீன் இல்லையே. மண்டையோடு மட்டும் இந்த விவாதத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை என்பதையும் பாருங்கள். 4 மீட்டர் மீனிடம் அவ்வளவு பெரிய வாய் இருந்தது என்பதுதான் எனக்கு அதிகம் பயமூட்டுகிறது.

அந்த வாய்க்கு வருகிறேன். முன்பக்கம் மேலும் கீழும் கோரைப்பல் மாதிரி கூரான முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். பின்னால் நீளமான வெட்டு விளிம்பு. பார்த்தால் பல் என்றுதான் தோன்றும், ஆனால் பல் இல்லை. தாடை எலும்புத் தட்டே அப்படி வடிவெடுத்திருக்கிறது. ஈறு கிடையாது, விழுந்து முளைப்பதும் கிடையாது. வாயை மூடும்போது கீழ்த்தட்டு மேல்தட்டின் உட்பக்கத்தை உரசிக்கொண்டு மேலேறும். அந்த உரசல் விளிம்பைத் தேய்க்கும், தேய்வதிலேயே அது கூராகிக்கொண்டும் இருக்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் ஒன்றையொன்று தீட்டிக்கொள்வது போல. நல்ல மாதிரிகளில் இந்த உரசல் தடத்தைப் பளபளப்பான ஒரு சரிவாகவே பார்க்கலாம். எலும்பு தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டும் இருந்தது.

இதை வைத்து ‘கவச மீன்களுக்கே பல் இல்லை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதியில் கிடைத்த கம்பாகோபிஸ்கிஸ் என்ற உறவுக்கார மீனின் தாடையை 2012ல் சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, பல்தந்தத்தோடு (பல்லின் உட்பொருள்) கூடிய உண்மையான பற்கள் இருந்தது தெரிந்தது. டங்க்லியோஸ்டியஸ் அந்தக் கூட்டத்தில் பல்லைக் கைவிட்டு அலகுக்கு மாறிய ஒன்று. 2025ல் வந்த விரிவான உடற்கூற்று ஆய்வும் இதையேதான் சொல்கிறது: கவச மீன் என்றாலே இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்திலேயே இது ஒரு விசித்திரப் பிறவி. தாடையைத் தாங்கும் முக்கிய இணைப்புகள் உட்பட தலையின் ஏறக்குறைய பாதி குருத்தெலும்பாக இருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வெளியே இரும்புப் பெட்டி மாதிரி தெரிகிற தலைக்குள் அவ்வளவு மென்மையான சட்டம்.

கடியின் வலு பற்றி 2007ல் ஃபிலிப் ஆண்டர்சன், மார்க் வெஸ்ட்னீட் இருவரும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தசைகள் எங்கே ஒட்டியிருக்கும் என்று எலும்பிலிருந்து ஊகித்து, நெம்புகோல் கணக்கு போட்டதில் தாடையின் முன் நுனியில் சுமார் 4,400 நியூட்டன், பின் விளிம்பில் சுமார் 5,300 நியூட்டன் வந்தது. கிட்டத்தட்ட அரை டன் எடை அழுத்துவதற்குச் சமம். இன்றைய உவர்நீர் முதலை ஒன்றின் கடியை நேரடியாகக் கருவி வைத்து அளந்தபோது 16,000 நியூட்டனுக்கு மேல் வந்திருக்கிறது. ஆகவே ‘உலகிலேயே வலுவான கடி’ என்பது நிற்காது. அப்புறம் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? மீனின் கடி முழுவதும் ஒரு கூர்முனையில் குவிவதால், அந்த முனையில் ஏற்படும் அழுத்தம் பயங்கரமாக இருக்கும். செய்திகள் விசையையும் அழுத்தத்தையும் போட்டுக் குழப்பி, அழுத்தத்தின் எண்ணை எடுத்துக் கடியின் எண்ணாக எழுதிவிட்டன. ஊசியால் குத்தினாலும் அழுத்தம் அதிகம்தான், அதற்காக நம் கைக்கு முதலையின் பலம் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த 2007 ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் விசை அல்ல, வேகம். வாய் திறப்பதற்கு ஆன நேரம் 20 மில்லிநொடி அளவு. ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைக் கவசம், மார்புக் கவசம், கீழ்த்தாடை, கீழே இழுக்கும் தசை இந்த நான்கும் ஒன்றோடொன்று கோத்த சட்டம்போல இயங்கின. மார்புக் கவசத்தில் இருக்கும் அந்தக் குமிழ் மூட்டில் தலை மேலே எழும்ப, அதே இழுப்பில் தாடை கீழே இறங்கும். வாய் இவ்வளவு சீக்கிரம் அகன்றால் தண்ணீர் உள்ளே பாயும், அதோடு இரையும் வரும். இன்றைய பல மீன்கள் இரையை உறிஞ்சித்தான் பிடிக்கின்றன. ஆனால் உறிஞ்சுவதில் தேர்ந்த மீனுக்குக் கடி வலுவாக இருப்பது அபூர்வம், இரண்டுக்கும் எதிரெதிரான அமைப்பு வேண்டும். இந்த மீன் இரண்டையும் வைத்திருந்தது.

சுறாவை இரண்டாகக் கடித்ததா என்று கேட்டீர்கள். கிளாடோசெலாக்கி அதே கடலில் இருந்தது, ஆள் உயர நீளம். அந்த அலகுகளுக்கு நடுவில் சிக்கினால் துண்டாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் இருக்கும் நேரடித் தடயம் வேறு மாதிரியானது: டங்க்லியோஸ்டியஸின் கவசத் தட்டுகளிலேயே டங்க்லியோஸ்டியஸ் குத்திய ஓட்டைகளும் வெட்டுகளும் இருக்கின்றன. தின்பதற்கா, சண்டையா என்பதை அந்தத் தழும்புகள் சொல்லாது. ஆனால் 5 செ.மீ. கவசத்துக்கு என்ன அவசியம் வந்தது என்று கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சொந்த இனத்தைத்தான்.

கண்டுபிடிப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1867ல் ஒஹாயோவின் ஈரி ஏரிக்கரைச் செங்குத்துப் பாறையில் ஜே டெரல் என்ற ஆர்வலர் முதல் எலும்புகளை எடுத்தார். ஜான் நியூபெரி என்ற நிலவியலாளர் 1873ல் அதற்கு டினிக்திஸ் டெரலி என்று பெயர் வைத்தார். டினிக்திஸ் என்பது அவர் முன்பே வேறொரு மீனுக்கு வைத்திருந்த பேரினப் பெயர். இரண்டும் ஒரே பேரினம் அல்ல என்று 1956ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பியேர் லெமான் பிரித்து, கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டேவிட் டங்கிளைக் கௌரவிக்கும் விதமாகப் புதுப் பெயர் கொடுத்தார். பழைய நூல்களில் டினிக்திஸ் என்று பார்த்தால் பெரும்பாலும் இதே மீன்தான். 1960களின் நடுவில் கிளீவ்லாந்து வழியாக ஐ-71 நெடுஞ்சாலை போடப் பாறையை வெட்டியபோது, புல்டோசருக்கு முன்னும் பின்னும் ஓடி அருங்காட்சியகத்தார் ஏராளமான மீன்களை மீட்டார்கள். இன்று அது ஒஹாயோவின் அதிகாரபூர்வ மாநிலப் புதைபடிவ மீன்.

இந்தப் பேரினத்தில் டெரலி என்ற இனம்தான் மிகப் பெரியது என்பதையும் கவனியுங்கள். மொரோக்கோ, பெல்ஜியம், போலந்து, கனடா என்று வேறு இடங்களிலும் இனங்கள் கிடைத்திருக்கின்றன, பல சிறியவை. ‘டங்க்லியோஸ்டியஸ்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் பெரியதன் எண்ணைப் போடுவது இன்னொரு குழப்பம். அதே கிளீவ்லாந்துப் பாறையில் டைட்டானிக்திஸ் என்ற வேறொரு பெரிய கவச மீனும் உண்டு. அதன் தாடை மெல்லியது, வெட்டு விளிம்பே கிடையாது, தண்ணீரை வடிகட்டி நுண்ணிரை தின்ற மீன் என்று கருதுகிறார்கள். அதையும் இதையும் சேர்த்து ஒரே படத்தில் குழைக்கிற வீடியோக்கள் இருக்கின்றன.

மெகலோடன் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்பதைக் கேள்வியில் யாரும் கேட்கவில்லை, ஆனால் கருத்துப் பகுதியில் கட்டாயம் வரும். இரண்டுக்கும் நடுவில் 33 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. சந்திப்புக்கே வழியில்லை.

கடைசியாக, எப்படி அழிந்தது. ‘சுறாக்கள் வேகமாக இருந்தன, கனமான கவச மீன்கள் போட்டியில் தோற்றன’ என்று இன்னும் எழுதுகிறார்கள். புதைபடிவ வரிசையைப் பார்த்தால் அப்படி ஒரு படிப்படியான தோல்வி தெரியவில்லை. டெவோனியன் காலத்தின் கடைசிவரை கவச மீன்கள் கடலிலும் நன்னீரிலும் செழித்தே இருந்தன. சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹாங்கன்பெர்க் நிகழ்வு என்று சொல்லப்படும் பேரழிவு வந்தது. கடலில் ஆக்சிஜன் குறைந்ததன் தடயமாக உலகின் பல இடங்களில் கரும் களிப்பாறை அடுக்கு நிற்கிறது. அதற்கு மேலே உள்ள பாறைகளில் ஒரு கவச மீன்கூட இல்லை, பெரியது சின்னது என்ற வித்தியாசமில்லாமல் மொத்தக் கூட்டமும் போய்விட்டது. தப்பிய சுறாக்களும் எலும்பு மீன்களும் காலியான இடத்தை நிரப்பின, ஆனால் உடனே பெரிதாக வளரவில்லை. லாரன் சாலன் குழு 2015ல் வெளியிட்ட கணக்குப்படி, அதற்கடுத்து குறைந்தது 4 கோடி ஆண்டுகளுக்குக் கடல்களில் பெரும்பான்மை சின்ன மீன்கள்தான். ஒரு டன் எடையில் ஒரு வேட்டைக்கார மீன் என்பது அந்தக் காலத்தில் வழக்கமான காட்சியாக இல்லை.